நடு ஜி

செந்தூல் பட்டறைச் சங்கு ஓய்ந்ததும் கை கழுவுவேன்,
மண்ணெண்ணெயால் ஒருமுறை, சவர்க்காரத்தால் இருமுறை.
அப்படியும் நகக்கண்ணில் கொஞ்சம் கறுப்பு நிற்கும்.
ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கட்டைகளின் மேல் அது தெரியும்,
முன்வரிசையில் உட்காரும் திருமதி ஆசீர்வாதத்துக்கு மட்டும்.

எங்கள் ஆர்கன் ஹாம்பர்க்கில் பிறந்தது.
கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும்போதே
அதற்குச் சளி பிடித்திருந்தது என்பார்கள்.
ஐம்பத்தெட்டில் நான் பொறுப்பேற்ற அன்று
நடு ஜி செத்திருந்தது.
அழுத்தினால் வெறும் காற்று,
பிரசங்கத்தில் தூங்குகிறவன் மூச்சுப்போல.

பழுது பார்க்கப் பணமில்லை என்று
சபைச் சங்கம் தீர்மானம் எழுதி, ஜெபித்து, கலைந்தது.
நான் அந்த ஸ்வரத்தைத் தாண்டிப் பாட்டுக் கட்டப் பழகினேன்.
மூடியில்லாத சாக்கடை எங்கே என்று
வெள்ளத்தில் நடக்கும் காலுக்குத் தெரியுமே,
அப்படி.

பத்தொன்பது வருஷத்தில் நாற்பத்தொரு பாட்டு.
அறுப்பின் பண்டிகைக்கு ஒன்று;
அறுக்க எங்களிடம் வயல் இல்லை,
ஆளுக்கொரு டின் பால் கொண்டுவந்து வைத்தார்கள்.
ரயில்வே குவார்ட்டர்ஸில் தொட்டிலிலேயே போன
செல்வராணியின் பிள்ளைக்கு எட்டே அளவு.
அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

அறுபத்தொன்பது மே. ஊரடங்கு.
ஆலயம் நாலு தெரு தள்ளி, எட்டாத தூரம்.
விளக்கை அணைத்துவிட்டுச் சமையல் மேசையில் விரல் ஓட்டி
ஒரு மன்றாட்டு எழுதினேன்.
மேசையில் எல்லா ஸ்வரமும் இருந்தன.
அப்போதும் விரல் நடு ஜியைத் தொடவில்லை.

எழுபத்திரண்டில் ஒரு மெட்டுக்கு
மூப்பர் ஞானாபரணம் எழுந்து நின்றார்.
இது கள்ளுக்கடை மெட்டு.
ஆமாம் ஐயா என்றேன்,
ஜெர்மன்காரர்களும் காதல் பாட்டைக் கழுவித்தானே
கோவிலுக்குள் கொண்டுவந்தார்கள்?
அவர்கள் கழுவினார்கள், தம்பி. நீ கழுவவில்லை.
அவர் பார்வை என் நகத்துக்கு வந்து போனது.
அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

போன மாதம் பினாங்கிலிருந்து ஊய் என்பவர் வந்தார்.
பற்ற வைக்காத சிகரெட் உதட்டில் தொங்க
ஆர்கனின் வயிற்றுக்குள் தலையை விட்டு
கால் மணி நேரம் பேசவேயில்லை.
வெளியே வந்து உள்ளங்கையை விரித்தார்:
சுண்டுவிரல் நுனியளவு குளவிக்கூடு,
கல்லாகிப்போன மண்.
இவ்வளவுதானா?
இத்து சாஜா, என்றார். பதினைந்து வெள்ளி வாங்கினார்.

அக்டோபர் கடைசி ஞாயிறு, சீர்திருத்தத் திருநாள்.
பலிபீடத்தில் சிவப்புத் துணி.
நானூற்றைம்பது வருஷப் பழைய பாட்டு,
முதல் அடியிலேயே நடு ஜி.
அழுத்தினேன். அது பிறந்த அன்றைக்குப் போல
சுத்தமாக எழுந்து நின்றது, தனியாக.

ஒருவரும் பாடவில்லை அதை.
இருநூறு தொண்டையும் அந்த இடம் வந்ததும்
புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து
அடுத்த படிக்குத் தாண்டின.
இரண்டாம் சரணத்திலும். மூன்றாவதிலும்.
திருமதி ஆசீர்வாதம் என் கையையே பார்த்தார்,
தப்பாக வாசிக்கிறேன் என்று.

சபையைத் திருப்ப
ஆணியும் சுத்தியலும் வேண்டும் என்று
ஞாயிறு பள்ளியில் படித்தேன்.
கொஞ்சம் ஈரமண் போதும் போலிருக்கிறது.

அன்றிரவு நோட்டைத் திறந்தேன்.
நாற்பத்தொன்றிலும் தேடி,
செல்வராணியின் எட்டு அளவில்,
ஆறாவதன் ஓரத்தில்,
பென்சிலால் ஒரு ஜி வைத்தேன்.
வாய்க்குள் பாடிப் பார்த்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.

காலையில், வேலைக்குப் போகுமுன், அழித்தேன்.
அவளுக்கு அது பழையபடியே தெரியும்.
தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால்
பென்சில் அழுந்திய குழி மட்டும் தெரிகிறது.